செய்தி வாசித்தவரே முயலாகவும் பேசினார்: குழந்தைகள் டிவியைப் பெரியவர்கள் ஏன் விடுவதில்லை?

(திரையில்: முயல் பொம்மையின் பழைய படம்)

இந்த முயலை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயர் ஹாஸ் தாஸ். தொழில், செய்தி வாசிப்பது. தென்னாப்பிரிக்காவுக்கு டிவி வந்த 1976-லேயே குழந்தைகளுக்காக வந்த பொம்மை நிகழ்ச்சி இது. முயல் உட்கார்ந்து விலங்குகள் உலகத்துச் செய்திகளைப் படிக்கும், அவ்வளவுதான் கதை. இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இந்த முயலுக்குக் குரல் கொடுத்தவர் பெயர் ரியான் க்ரேவாகன். அவருடைய இன்னொரு வேலை என்ன தெரியுமா? அதே எஸ்ஏபிசி டிவியில், அதாவது நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனத்தில், கோட்டு டை எல்லாம் போட்டுக்கொண்டு, நிஜச் செய்தி வாசிப்பது!

அதாவது ஒரே தொண்டை. ஒரு நேரம் நாட்டின் செய்தி, இன்னொரு நேரம் முயலின் செய்தி. 2012 வரைக்கும் மனிதர் செய்தி வாசித்தார். தாத்தா காலத்தில் கேட்ட குரலைப் பேரனும் கேட்டான். அந்தக் குரல் பட்ஜெட்டைப் பற்றிப் பேசும்போது மனசுக்குள் எத்தனை பேருக்கு முயல் காது முளைத்திருக்கும்!

வணக்கம் மக்களே, டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு விஷயம், நாலு வயசுக் குழந்தைக்காக எடுத்த நிகழ்ச்சியை நாற்பது வயசு ஆள் உட்கார்ந்து ரசிப்பது. சிரிக்காதீர்கள். இதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கேஸ்தான், எனக்குத் தெரியும். புதிதாக வந்தவர்கள் சப்ஸ்கிரைப் செய்துவிட்டு உட்காருங்கள்.

முதலில் வரலாறு, சீக்கிரம் முடித்துவிடுகிறேன். உலகமெல்லாம் டிவி பார்த்தபோது இந்த நாட்டு அரசாங்கம் வேண்டவே வேண்டாம் என்றது. அப்போதைய தபால் தந்தி அமைச்சர் ஆல்பர்ட் ஹெர்ட்சாக் டிவியைச் சாத்தானின் பெட்டி என்றே திட்டினார். 1969-ல் மனிதன் நிலாவில் இறங்கியதை உலகம் நேரலையில் பார்த்தது, இங்கே பார்க்க முடியவில்லை, ஜனங்கள் கொதித்தார்கள். கடைசியில் 1976 ஜனவரி 5 அன்று நாடு முழுவதற்குமாகச் சேவை ஆரம்பித்தது. ஆங்கிலமும், டச்சு வழியில் வந்த வெள்ளையர் ஆட்சியின் மொழியான ஆப்பிரிக்கான்ஸும் பாதிப் பாதி. தமிழா? கிடையாது. ஜூலு கூடக் கிடையாது. வரலாறு முடிந்தது.

இதில் நான் பிடித்துக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. மற்ற நாடுகளில் குழந்தைகள் நிகழ்ச்சி என்பது பெரியவர்கள் சின்ன வயதில் பார்த்து, வளர்ந்து, தாண்டி வந்த ஒன்று. இங்கே 1976-ல் அப்படித் தாண்டி வந்தவர் ஒருவர்கூட இல்லை. ஐந்து வயசுப் பையனும் ஐம்பது வயசுத் தாத்தாவும் ஒரே நாளில் டிவிக்குப் புதியவர்கள்! சாட்ஸ்வொர்த்தில் எங்கள் ஆயா இருந்த வரிசையில் ஒரு வீட்டில்தான் முதலில் டிவி வாங்கினார்களாம். மாலையானால் வரிசை முழுக்க அந்த முன்னறையில். நாற்காலி பெரியவர்களுக்கு, பாய் பிள்ளைகளுக்கு. முயல் வந்தால் நாற்காலிக்காரர்கள் எழுந்து போய்விடுவார்களா என்ன? முயல் பேசியது ஆப்பிரிக்கான்ஸ். ஆயாவுக்கு அதில் கடைக்காரரிடம் விலை கேட்கும் அளவுக்குத்தான் தெரியும். ஆனால் முயல் தலையை ஆட்டுவது எந்த மொழியில் இருந்தால் என்ன?

சிரிப்புக்கு நடுவே ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முயல் ஆப்பிரிக்கான்ஸில் செல்லமாகப் பேசிய அதே 1976-ல்தான், ஜூன் 16 அன்று, பள்ளிக்கூடத்தில் அந்த மொழியைத் திணிக்காதே என்று ஊர்வலம் போன சொவேட்டோவின் கறுப்பின மாணவர்களைப் போலீஸ் சுட்டது. அன்றைய டிவி யாருடைய கையில் இருந்தது, யாருடைய குழந்தைகளை மனதில் வைத்து நடந்தது என்பதை மறந்துவிட்டு வெறும் பழைய நினைவு இனிப்பு மட்டும் சப்ப என்னால் முடியாது. இதற்கே தனி வீடியோ போடலாம். கேளுங்கள், போடுகிறேன்.

சரி, இப்போது நிகழ்காலம். நீல நாய்.

(திரையில்: புளூயி)

புளூயி. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்தின் லூடோ ஸ்டுடியோ எடுத்த கார்ட்டூன். உருவாக்கியவர் ஜோ பிரம், இரண்டு பெண் குழந்தைகளின் அப்பா. 2018-ல் ஆரம்பம். ஒரு எபிசோட் ஏறக்குறைய ஏழு நிமிடம். 2024-ல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் அதிகம் பார்க்கப்பட்டது எது என்று நீல்சன் நிறுவனம் கணக்குப் பார்த்தால், போலீஸ் கதை, காதல் கதை, கொலைக் கதை எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முதலிடத்தில் இந்த நாய்க்குட்டி. சுமார் 5,562 கோடி நிமிடங்கள்! அதில் பெரும்பகுதி ஒரே எபிசோடை முப்பது தடவை போடச் சொல்லி அழும் பிள்ளைகளின் புண்ணியம் என்று நீங்கள் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிள்ளை தூங்கிய பிறகும் அணைக்காமல் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்?

எங்கள் மாமா ஒருவர் டர்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். இரவு ஷிப்ட். பிள்ளைகள் எல்லாம் வளர்ந்து ஜோகன்னஸ்பர்க் போய்விட்டார்கள், வீட்டில் குழந்தை என்று யாரும் இல்லை. காலையில் வந்ததும் கால் ரொட்டி மட்டன் பன்னி சௌவை, அதாவது ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றிய எங்கள் டர்பன் சாப்பாட்டை, பிரித்து வைத்துக்கொண்டு புளூயி போடுவார். மூடியாக இருக்கும் அந்த ரொட்டித் துண்டை எடுத்துக் குழம்பில் முக்குவார், முக்கிய கை அப்படியே நிற்கும், குழம்பு மணிக்கட்டு வரை வழியும், கண் திரையை விட்டு நகராது. அத்தை துணியைக் கொண்டு வந்து கையைத் துடைத்துவிட்டுப் போவார், அதுவும் தெரியாது. கேட்டால், "தம்பி, ராத்திரி முழுக்க என் தலைக்கு மேலே கண்டெய்னர் தொங்குது. வீட்டுக்கு வந்தும் நான் ஏன் ஆள் சாகிறதைப் பார்க்கணும்?" என்றார்.

நான் வைக்கலாம் என்றிருந்த உளவியல் பகுதியை அந்த ஒரு கேள்வி காலி செய்துவிட்டது.

ஏனென்றால் மாற்றுக்கு என்ன இருக்கிறது? டிஎஸ்டிவி என்ற சாட்டிலைட் டிவியின் தென்னிந்தியப் பேக்கேஜில் மெகா சீரியல். அங்கே ஒரு மருமகள் கோமாவில் விழுந்தால் அடுத்த தீபாவளி வரை எழுந்திருக்க மாட்டாள். புளூயியில் ஏழு நிமிடத்தில் சண்டை வரும், சமாதானம் வரும், எல்லோரும் சாப்பிடவும் போய்விடுவார்கள். 2023-ல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது கரண்ட் போவதற்குள் முடியும் என்று நம்பி ஆரம்பிக்கக்கூடிய நிகழ்ச்சி வேறு எது இருந்தது சொல்லுங்கள்.

நேரம் குறைவு என்பது மட்டும் காரணம் என்றால் விளம்பரங்களையே பார்க்கலாம். 'கிரிக்கெட்' என்று ஒரு புளூயி எபிசோட் இருக்கிறது, தமிழனுக்கும் தென்னாப்பிரிக்கனுக்கும் சேர்த்து எழுதியதோ என்று தோன்றும். ரஸ்டி என்ற பையன் பேட் பிடிக்கிறான். பக்கத்து வீட்டு அப்பாக்கள் மாறி மாறிப் பந்து போட்டும் அவனை அவுட் ஆக்க முடியவில்லை. இவன் எப்படி இவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்பதைத் துண்டு துண்டாகக் காட்டுகிறார்கள். அண்ணனின் பெரிய நண்பர்களோடு ஆடி, வேகப் பந்தில் அடிபட்டு, பயந்து, அப்புறம் ராணுவத்தில் தூரத்தில் இருக்கும் அப்பாவின் கடிதத்தைப் படித்து மறுபடி நிற்கிறான். கடைசியில் எல்லாரும் சிக்ஸரை எதிர்பார்க்கும்போது, பக்கத்தில் நிற்கும் குட்டித் தங்கைக்கு வேண்டுமென்றே லேசான கேட்ச் ஒன்றைக் கொடுக்கிறான். அவுட்! தங்கை குதிக்கிறாள்.

குழந்தைக்கு அது தங்கை கேட்ச் பிடித்த கதை. ஆனால் தெருவில் பேட்டை விட்டுக் கொடுக்க மறுத்த அண்ணன்களும், கடைசி வரை பந்து பொறுக்கியே வளர்ந்த தங்கைகளும் அதைப் பார்த்தால் தொண்டை அடைக்கும். இன்னொரு எபிசோடில் குட்டி நாய் தூக்கத்தில் கனவு காண்கிறது, பின்னணியில் ஹோல்ஸ்ட் என்ற இசையமைப்பாளரின் 'ஜூபிடர்' வாசிக்கிறார்கள். நாலு வயசுக் குழந்தை ஹோல்ஸ்டைக் கேட்டதா? யாரோ பெரியவர், பெரியவர்களை நினைத்துச் செய்த வேலை அது.

இந்த இரட்டைத் தளம் தற்செயல் இல்லை. 1969-ல் வந்த அமெரிக்கப் பொம்மை நிகழ்ச்சி செசமி ஸ்ட்ரீட் காலத்திலிருந்தே இது திட்டம். கூட ஒரு பெரியவர் உட்கார்ந்து பார்த்தால் குழந்தை அதிகம் கற்றுக்கொள்ளும் என்பதால், பெரியவர் ஓடிவிடாமல் இருக்க அவருக்கான ஜோக்குகளையும் பிரபலங்களையும் உள்ளே வைத்தார்கள். அதன் நம் நாட்டு வடிவமான தாகலானி செசமி 2000-ல் ஆரம்பித்து, 2002-ல் காமி என்ற மஞ்சள் பொம்மையைக் கொண்டு வந்தது. காமிக்கு எச்ஐவி. அரசாங்கத்தின் உச்சியிலேயே எய்ட்ஸ் பற்றிக் குழப்பமாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. எச்ஐவி இருக்கும் குழந்தையோடு சேர்ந்து விளையாடலாம் என்று ஒரு பொம்மை நிதானமாகச் சொன்னது. அது குழந்தைகளுக்கு மட்டும் சொன்னது என்றா நினைக்கிறீர்கள்?

அப்புறம், கேள்வி கேட்டுவிட்டு அமைதியாக நிற்பது! இதைச் சொல்லாமல் விட மாட்டேன். தமிழ்நாட்டு நண்பர்களே, சுட்டி டிவியில் தமிழ் பேசிய டோரா நினைவிருக்கிறதா? "மலை எங்கே இருக்கு?" என்று கேட்டுவிட்டு நம்மையே பார்ப்பாள், மலை அவள் முதுகுக்குப் பின்னால் ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி நிற்கும். அதைக் கேலி செய்யாத காலேஜ் ஹாஸ்டல் உண்டா? ஆனால் கேலி செய்யவாவது டிவி முன்னால் உட்கார்ந்தார்கள் அல்லவா, மாட்டிக்கொண்டார்கள். டோராவுக்கு முன்பே, 1996-ல், புளூஸ் குளூஸ் என்ற அமெரிக்க நிகழ்ச்சி இதைப் பக்காவாகச் செய்தது. ஸ்டீவ் பர்ன்ஸ் என்ற தொகுப்பாளர் கேமராவைப் பார்த்துக் கேள்வி கேட்பார், குழந்தை பதில் சொல்லும் வரை நிஜமாகவே காத்திருப்பார். அதே எபிசோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் போட்டார்கள். குழந்தைக்குச் சலிக்கவில்லை, தெரிந்த பதிலை இன்னும் சத்தமாகச் சொன்னது. வடிவேலு காமெடியை எத்தனையாவது தடவையோ பார்த்து, வசனம் வருவதற்கு முன்பே நாமே சொல்லிச் சிரிப்பது வேறென்ன?

2021-ல் அந்த ஸ்டீவ், அன்றைய குழந்தைகளுக்காக ஒரு சின்ன வீடியோவில் வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் வளர்ந்து கடன், வேலை, குடும்பம் என்று மாட்டியிருந்தார்கள். அதையெல்லாம் சொல்லி, பழையபடி அதே நிதானத்தில் பேசினார். இணையம் முழுக்க அழுகை. உங்களை யாராவது கேள்வி கேட்டுவிட்டு, போனைப் பார்க்காமல், பதிலுக்காகக் காத்திருந்து எவ்வளவு காலம் ஆகிறது?

(இங்கே கேமராவைப் பார்த்துச் சும்மா நிற்கிறேன். எடிட்டர் தம்பி, இதை வெட்டாதே.)

மற்றவற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். 2010-ல் புதிதாக வந்த மை லிட்டில் போனி, சின்னப் பெண் குழந்தைகளுக்கான குதிரைக் கார்ட்டூன். தாடி வைத்த ஆண்கள் ரசிகர்களாகி, மாநாடே நடத்தினார்கள். பிரிட்டனில் 2016 கடைசி நாளில் நடிகர் டாம் ஹார்டி பிபிசியின் குழந்தைகள் சேனல் சிபீபீஸில் தூங்கும் நேரக் கதை படித்தார், அம்மாக்கள் பிள்ளைகளை எழுப்பி வைத்துப் பார்த்தார்களோ என்னவோ. டெலிடப்பீஸ் என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் நடிகர்கள் போட்டுக்கொண்ட பொம்மை உடைகள் ராட்சச அளவு என்பதால், சுற்றி ஓடும் முயல்கள் சின்னதாகத் தெரியக் கூடாதென்று பெரிய இன முயல்களாகத் தேடிப் பிடித்தார்கள். டிவிக்கும் முயலுக்கும் ஏதோ பூர்வ ஜென்மத் தொடர்பு.

ஆனால் குழந்தைகளுக்கு எடுத்தது எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. இரண்டு நொடிக்கு ஒரு வெட்டு, கண்ணைப் பறிக்கும் நிறம், ஒரே பாட்டு திரும்பத் திரும்ப என்று நடக்கும் சில யூடியூப் பாட்டுச் சேனல்களைத் தானாக உட்கார்ந்து ரசிக்கும் பெரியவர் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஒரு நிகழ்ச்சியைக் குழந்தையிடம் காட்டலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் சோதனை இதுதான்: குழந்தை இல்லாத நேரத்தில் நீங்கள் தனியாகப் பத்து நிமிடம் பாருங்கள். எழுந்து ஓடத் தோன்றினால் பிள்ளைக்கும் வேண்டாம்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் அந்த 'கிரிக்கெட்' எபிசோடிலிருந்து ஆரம்பியுங்கள், நாய்க் கார்ட்டூனா என்று முகம் சுளிக்கும் அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். டர்பன் பக்கத்து ஆட்கள் யாரிடமாவது அந்தக் காலத்து முயல் நிகழ்ச்சியின் வீட்டுக் கதைகள் இருந்தால் எழுதுங்கள், அடுத்த வீடியோவில் படிக்கிறேன். மற்றவர்கள் கமெண்டில் நீங்கள் ரகசியமாகப் பார்க்கும் குழந்தைகள் நிகழ்ச்சியின் பெயரை மட்டும் போடுங்கள். "பையனுக்காகத்தான் போட்டேன்" என்று எழுதுகிறவர்களுக்கு ஹார்ட் கிடையாது.