துடுப்பும் சிவப்புத் தூளும்

(தக்கலையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், வாசல் பக்கம் நிற்கிற பிள்ளைகளுக்கும் வணக்கம். முன்னால் பாயில் இடம் கிடக்கிறது, வந்து இருங்கள் மக்களே.

டெக் வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலம் அது. துபாயிலிருந்து லீவில் வந்த சித்தப்பாவின் பெட்டியில், துணிகளுக்கு நடுவே பொதிந்து சில வீடியோ கேசட்டுகள் இருந்தன. வெளியே இடவப்பாதி மழை ஊற்றுகிறது. உள்ளே இருபது பேர் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறோம். படம் 'வி: தி ஃபைனல் பேட்டில்' என்ற இங்கிலீஷ் தொடர். சித்தப்பா டிவி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பேச்சையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

வேற்றுக் கிரகத்திலிருந்து வந்தவர்களின் தலைவர் ஜான் ஒரு மருத்துவமனை விழாவில் நிற்கிறார். டிவியில் நேரலை. எதிர்ப்புப் படையினர் உள்ளே புகுந்து, அத்தனை கேமராக்களுக்கும் முன்னால் அவர் முகத்தோலைப் பிடித்துக் கிழிக்கிறார்கள். மனித முகம் ரப்பர் பால் ஷீட் மாதிரி உரிந்து வருகிறது. அடியில் பச்சைச் செதில், பல்லி முகம். என் அத்தை வெற்றிலையை வாயில் வைக்கப் போன கை அப்படியே நின்றது. "எம்மா! கள்ளியங்காட்டு நீலிக்கு அண்ணனாக்கும் இவன்!"

அந்த ஒரு வாக்கியத்தை இன்றைக்கும் நான் அந்தத் தொடரின் சிறந்த விமர்சனமாக வைத்திருக்கிறேன். அழகான பெண்ணாய்ச் சுண்ணாம்பு கேட்டுச் சிரித்துக்கொண்டு வந்து ஆளைக் கொல்கிற யட்சி நீலியை அறிந்த ஊர் இது. அழகான முகத்தோடு, கைநிறைய வாக்குறுதியோடு வருகிறவரை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்று அத்தைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

நாங்கள் அன்று பார்த்த அந்தத் தொடர் 1984 மே மாதம் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் மூன்று இரவுகள் ஓடியது. அதற்கு முந்தைய வருடம், 1983 மேயில் வந்த 'வி' தொடரின் தொடர்ச்சி. முதலாவதை எழுதி இயக்கியவர் கென்னத் ஜான்சன். சின்க்ளேர் லூயிஸ் 1935-ல் எழுதிய, அமெரிக்காவிலேயே சர்வாதிகாரம் வந்தால் என்ன ஆகும் என்ற நாவல்தான் அவருக்குத் தூண்டுதல். சர்வாதிகாரக் கதையாகவே எழுதத் தொடங்கியது, பிறகு விண்கலங்கள் வரும் கதையானது. இரண்டாவது தொடரில் அவர் நடுவழியில் விலகிவிட, ரிச்சர்ட் ஹெஃப்ரான் இயக்கினார். அந்த மாற்றம் படத்திலேயே தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

உலகின் பெரிய நகரங்களுக்கு மேல் ஐம்பது ராட்சதக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. வந்தவர்கள் என்ன கேட்கிறார்கள்? எங்கள் கிரகத்துக்கு ஒரு ரசாயனம் வேண்டும், செய்ய உதவுங்கள், பதிலுக்கு எங்கள் அறிவைத் தருகிறோம் என்கிறார்கள். வியாபாரம்! உண்மையில் அவர்கள் கொண்டுபோக வந்தது நம் தண்ணீரையும், உணவாக நம்மையும்.

வந்ததும் அவர்கள் முதலில் கைவைத்தது யார்மேல் தெரியுமா? ராணுவத்தின்மேல் என்று நினைப்பீர்கள். விஞ்ஞானிகள்மேல். சதிகாரர்கள் என்று பட்டம் கட்டி, பெயர்ப் பதிவு செய்யச் சொல்லி, அக்கம்பக்கத்தாரே கதவடைக்கும்படி செய்தார்கள். நான் முப்பது வருடம் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். உண்மையைச் சோதித்துப் பார்க்கத் தெரிந்தவனைத்தான் பொய் சொல்கிறவன் முதலில் ஒதுக்குவான். அந்தப் பகுதியை எப்போது பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

குளச்சல் பக்கத்துக்காரர்களுக்கு வியாபாரம் என்று வந்த கப்பல்கள் புதிதில்லை. நல்ல மிளகு முழுவதும் தங்களுக்கே, தாங்கள் சொன்ன விலைக்கே வேண்டும் என்றது டச்சுக் கம்பெனி. 1741-ல் குளச்சலில் இறங்கியது. திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவின் படை அதைத் தோற்கடித்தது. அன்றைக்குக் கரையில் ஆள் கொஞ்சம்தான் என்று கப்பல்காரனுக்குத் தெரியாமலிருக்க, கடலோர மக்கள் வள்ளத்துத் துடுப்புகளைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்து நின்றார்கள் என்று ஒரு வாய்மொழிக் கதை உண்டு. படையில் பெயர் எழுதாதவர்கள் அவர்கள். கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

இதே துடுப்புதான் இந்தத் தொடரிலும் எனக்குப் பிடித்த இடம். எதிர்ப்புப் படையை நடத்துகிற ஜூலியட் ஒரு மருத்துவ மாணவி. டோனவன் செய்திக்குக் கேமரா பிடிக்கிறவன். முதல் தொடரில் ஆபிரகாம் என்று ஒரு முதியவர் வருவார், நாஜி முகாமிலிருந்து உயிர் தப்பியவர். விஞ்ஞானி குடும்பம் ஒன்றை ஒளித்துவைக்க மகன் தயங்கும்போது, அன்று எங்களை யாராவது ஒளித்திருந்தால் உன் தாய் இருந்திருப்பாள் என்பார். சுவரொட்டியில் கண்டபடி கிறுக்கும் சிறுவர்களின் கையிலிருந்து சிவப்பு பெயிண்டை வாங்கி, விக்டரிக்கு, அதாவது வெற்றிக்கு, 'வி' என்று எழுதிக் காட்டுவதும் அவர்தான். அதே வீட்டுப் பேரன் டேனியல் எதிரியின் சீருடை போட்டுக்கொண்டு சொந்தக் குடும்பத்தையே காட்டிக்கொடுக்கிறான். எதிரியின் துப்பாக்கி அந்த வீட்டுக்குள் வர அவன் ஒருவன் போதுமாயிருந்தது.

இனி முடிவு. இயக்குநர் மாறியது தெரியும் என்றேனே, அது இங்கேதான். வந்தவன் ஒருவனுக்கும் மனிதப் பெண்ணுக்கும் பிறந்து செத்துப்போன ஒரு கலப்புக் குழந்தையின் உடலிலிருந்து, வந்தவர்களை மட்டும் கொல்லும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிக்கிறார்கள். அதைச் சிவப்புத் தூளாக்கி, பலூன்களில் ஏற்றி வானமெங்கும் விடுகிறார்கள். ஒளிந்து வாழ்ந்த விஞ்ஞானிகளின் வேலை, பலூன் பிடித்துவிட்ட சாதாரண ஜனங்களின் வேலை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்! நிறுத்தவில்லை. கடைசியில் பூமியையே அழிக்கும் வெடிகுண்டு ஓடத் தொடங்க, உயிரோடிருக்கிற இன்னொரு கலப்புக் குழந்தை எலிசபெத் உடம்பெல்லாம் ஒளிர்ந்து, கையை வைத்து அதை நிறுத்திவிடுகிறாள். இத்தனை பேர் உயிரைக் கொடுத்துச் செய்ததை ஒரு அற்புதம் தட்டிப் பறித்துக்கொண்டது. இதை என்னால் இன்றுவரை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஆனால் அந்தத் தொடரை நான் கைவிடாமல் வைத்திருப்பதற்கு ஒரு காரணம் வில்லி. ராபர்ட் எங்லண்ட் நடித்தது. வந்தவர்களிலேயே ஒருவன், கடைநிலை வேலையாள். சவுதிக்கு அனுப்புவார்கள் என்று அரபி படித்தவனை லாஸ் ஏஞ்சல்ஸில் இறக்கிவிட்டார்கள். இங்கிலீஷ் அரைகுறை. ஆலையில் குளிர்வாயு கசிந்தபோது சக மனிதத் தொழிலாளியைக் காப்பாற்றுகிறவன் அவன். தங்கள் தலைமையை எதிர்த்து மனிதர்களுக்கு உதவும் ரகசியக் கூட்டமும் அவர்களுக்குள் இருந்தது. எதிரி என்று வந்த எல்லோரும் ஒரே அச்சில்லை. குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய தளபதி, ஆகி, 1777-ல் செத்து, இதோ பக்கத்தில் உதயகிரிக் கோட்டைக்குள் கிடக்கிறார். கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது. போனால் விரலால் தடவிப் பாருங்கள்.

அன்று கேசட் முடிந்து திரை வெள்ளையானதும் எல்லோரும் பலூனைப் பற்றிப் பேசினோம். அத்தை மட்டும், "சவுதிக்குப் போக வேண்டிய அந்தப் பையன் இனி எப்படி ஊருக்குப் போவான்?" என்று கேட்டாள்.

சித்தப்பா பதில் சொல்லவில்லை. கேசட்டை எடுத்து உறையில் போட்டார். மறுவாரம் அவருக்குத் திருவனந்தபுரத்தில் விமானம்.