கடல் சாமந்திக்குப் பத்தியச் சாப்பாடு

வணக்கம் நேயர்களே.

வண்ணமீன் கடைகளுக்குள் போனால் பின்பக்கம் நீல விளக்குப் போட்ட உப்புத்தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கும். அதன் மூலையில் சில சமயம் பால்வெள்ளையாக ஒன்று, விரல் விரலாக விரிந்து ஆடிக்கொண்டிருக்கும். "பூ மாதிரியே இருக்கே, என்ன விலை?" என்று குழந்தையோடு வந்தவர்கள் கேட்பார்கள். அதுதான் கடல் சாமந்தி. கடைக்காரர்கள் அனிமோன் என்பார்கள். பெயர்தான் பூ, உண்மையில் அது விலங்கு. பவளத்துக்கும் ஜெல்லி மீனுக்கும் உறவு. விலை கேட்கிறவர்களிடம் போய் நான் சொல்லத் துடிப்பது ஒன்றுதான். அந்த வெள்ளை அதன் நிறம் இல்லைங்க. அது பசி.

கோமாளி மீன்கள் குடியிருக்கும் பெரிய கடல் சாமந்திகள் நல்ல உடம்போடு இருந்தால் பெரும்பாலும் பழுப்பாகவோ, பச்சை கலந்த பழுப்பாகவோ இருக்கும். கெட்டி டிகாக்‌ஷனில் கொஞ்சம் பால் விட்ட மாதிரி ஒரு நிறம். அந்தப் பழுப்பைக் கொடுப்பது அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசி. சூசாந்தெல்லே என்று பெயர். ஒரே செல்தான், வெறும் கண்ணுக்குத் தெரியாது. சாமந்தியின் உட்படலத்துச் செல்களுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, வெளிச்சத்தை வாங்கிச் சர்க்கரையும் கொழுப்புமாகச் சமைத்துத் தரும். பதிலுக்குச் சாமந்தியின் கழிவு அதற்கு உரம். ஆக, இந்த விலங்கின் சமையலறை அதன் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால், வெளிச்சம் திடீரென்று கூடினால், இந்த ஏற்பாடு குலைந்துவிடும். பாசி, வாங்குகிற வெளிச்சத்தைச் செலவழிக்க முடியாமல் திணறும். ஆக்சிஜனே நஞ்சாக மாறிச் செல்லைத் தாக்கும். அப்போது சாமந்தி அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். கடலிலிருந்து பிடித்த சாமந்தியை நாள் கணக்கில் இருட்டுப் பையிலும் மங்கல் தொட்டியிலும் வைத்திருந்தாலும் இதே கதிதான். பாசி போனபின் மிஞ்சுவது கண்ணாடி போன்ற வெள்ளை உடம்பு. அது உடனே சாகாது. தன் சதையைத் தானே கரைத்துக்கொண்டு, வாரம் வாரமாகச் சுருங்கிக்கொண்டே வரும். பார்க்கிறவர்களுக்கு அழகாகத் தெரிவது இந்தச் சமயத்தில்தான். அதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம்.

பல வருடங்களுக்கு முன் நானும் அப்படி ஏமாந்தவன்தான். எலுமிச்சை மஞ்சளில் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். மூன்று வாரத்தில் மஞ்சள் கரைந்து வெள்ளை வந்தது. வெளுத்த சாமந்திக்குச் சாயம் ஏற்றி விற்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. அழுத்தமான மஞ்சள், ரோஸ், நீலம் என்று நுனியிலிருந்து அடிவரை ஒரே சீராக நிறம் பூசினாற்போல் இருந்தால் சந்தேகப்படுங்கள். என்னுடையது ஒரு ராத்திரியில் செத்து, அழுகி, தொட்டித் தண்ணீர் முழுவதும் கெட்டு, விடிவதற்குள் மூன்று மீன்கள் மேலே மிதந்தன. கூடம் முழுக்க நாற்றம். அந்த நாற்றத்தை நான் மறக்கவே இல்லை.

இரண்டாவது முறை தப்பு நடந்தது என் வீட்டிலேயே. கத்திரி வெயில் காலம். ஊரில் கல்யாணம் என்று ஐந்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தோம். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் நடுவில் நின்றுபோயிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் தெர்மாமீட்டரில் 33 டிகிரி. நாலு வருடமாக என்னோடு இருந்த குமிழ்நுனிச் சாமந்தி, பாறை இடுக்கில் வாய் திறந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரத்தில் முழு வெள்ளை. அதைத் தேற்றியதைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

முதல் வேலை சூட்டைத் தணிப்பது. ஆனால் ஐஸ் கட்டியை அள்ளிப் போட்டு ஒரே மணி நேரத்தில் இறக்கக் கூடாது. ஒரு நாளைக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று இறக்கி 26-க்குக் கொண்டுவந்தேன். சில்லர் வாங்க வசதி இல்லாதவர்கள் தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்து ஒரு சின்ன மின்விசிறியைத் திருப்பி வைத்தாலே இரண்டு மூன்று டிகிரி குறையும். அதில் ஒரு சங்கதி இருக்கிறது. தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த மட்டத்தை உப்புத்தண்ணீர் விட்டு நிரப்பினால் நாளுக்கு நாள் உப்பு ஏறிக்கொண்டே போகும். வெறும் ஆர்.ஓ. தண்ணீர்தான் விடவேண்டும். உப்புத்தண்ணீரின் ஒப்படர்த்தி, அதாவது நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட கனம், 1.025, 1.026-இல் நிற்கவேண்டும். கழிவிலிருந்து உண்டாகும் நஞ்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். நைட்ரேட்டை மட்டும் பூஜ்யம் ஆக்கிவிடாதீர்கள். மிச்சம் இருக்கும் கொஞ்சநஞ்சப் பாசிக்கும் உரம் வேண்டும் அல்லவா? தண்ணீரைத் துடைத்து வைத்தாற்போல் வைத்திருக்கிற தொட்டிகளில் சாமந்தி தேறுவது தாமதமாவதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்தது வெளிச்சம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். பாசி போய்விட்டது, பாசிக்கு வெளிச்சம் வேண்டும், ஆகவே லைட்டைக் கூட்டுவோம் என்று நினைப்பார்கள். நியாயமான யோசனை மாதிரிதான் தோன்றும். ஆனால் பட்டினி கிடந்து எழுந்தவருக்கு யாராவது முதல் வேளையிலேயே இலை போட்டு விருந்து வைப்பார்களா? கஞ்சிதானே கொடுப்போம்? மிஞ்சியிருக்கிற பாசி ரொம்பக் கொஞ்சம். முழு வெளிச்சம் விழுந்தால் அதுவும் திணறும், சாமந்தி அதையும் துப்பிவிடும். நான் எல்.இ.டி. விளக்கை வழக்கமான அளவில் கால்பங்குக்கு இறக்கினேன். தினம் எட்டு மணி நேரம். வாரத்துக்கு ஐந்து சதவீதம் என்று மட்டும் ஏற்றினேன். சாமந்தி தானாக நகர்ந்து நிழலுக்குப் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பாதம் உண்டு, நடக்கும்; தனக்கு எது ஒத்துவரும் என்று நம்மைவிட அதற்குத் தெரியும். அதைப் பிய்த்து எடுத்து நாம் நினைத்த இடத்தில் வைக்கப் போனால் பாதம் கிழியும், கிழிந்த பாதத்தோடு பிழைப்பது அபூர்வம். ஒன்று மட்டும் செய்யுங்கள். நகரும் சாமந்தி பம்ப்பின் வாயில் போய்ச் சிக்காமல் இருக்க, அந்த வாய்க்கு ஒரு ஸ்பாஞ்ச் மாட்டிவிடுங்கள்.

இப்போது சாப்பாடு. பாசி சமைத்துத் தருகிற வரைக்கும் நாம்தான் ஊட்டவேண்டும். சமையலுக்கு வாங்கும் பச்சை இறாலே போதும். ஓடு உரித்து, நல்ல தண்ணீரில் அலசி, துவரம்பருப்பு அளவுக்கு நறுக்கிக்கொண்டேன். உப்போ மஞ்சள்தூளோ தடவியதாக இருக்கக் கூடாது. வாரத்துக்கு மூன்று முறை. பம்ப்பை நிறுத்திவிட்டு, நீளமான இடுக்கியால் ஒரு துண்டை விரல்களின்மேல் மெல்ல வைப்பேன்.

முதல் நாள் துண்டு வழுக்கிக்கொண்டு மணலில் விழுந்தது. ஆரோக்கியமான சாமந்தியின் விரல் நம் கையில் பட்டால் ஒட்டுநாடா மாதிரி ஒட்டும். இதில் அந்தப் பிடிப்பே இல்லை. இரண்டாம் நாள் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்தேன். வைத்த கையோடு துறவி நண்டு ஒன்று ஏறி வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் தண்ணீர் பாட்டில் ஒன்றின் அடியை வெட்டி, பக்கத்தில் ஓட்டைகள் போட்டு, சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் குல்லா மாதிரி அதன்மேல் கவிழ்த்தேன். கண்ணாடிக்கு வெளியே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு விரல் லேசாக மடங்கி இறாலைத் தொட்டது. பக்கத்து விரல். அதற்குப் பக்கத்து விரல். குழந்தை கையை மூடுகிற மாதிரி மெதுவாகக் குவிந்து, நடுவில் வாய் ஒரு மிளகு அளவுக்குத் திறந்து, துண்டு உள்ளே போனது. முழுசாக இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

கொடுத்தது மறுநாள் வெள்ளைக் கோழையாக வெளியே வந்தால் துண்டு பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். இன்னும் சிறிதாக நறுக்குங்கள். அதுவும் முடியாத அளவுக்குத் தளர்ந்திருந்தால், முட்டையிலிருந்து அப்போது பொரித்த ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறாலின் குஞ்சுகளை ஒரு பிப்பெட்டில் எடுத்து விரல்களின்மேல் விடலாம். சாமந்திக்கு ஒரே துவாரம்தான்; உண்பதும் கழிப்பதும் அதன் வழியேதான். பழுப்பு நூல் மாதிரி ஏதாவது வெளிவந்தால் பயப்படாதீர்கள். எப்போதாவது சுருங்கிப் பை மாதிரி ஆகி, சில மணி நேரத்தில் மறுபடி விரிவதும் வழக்கம்தான். நாள் கணக்கில் சுருங்கியே கிடந்து, வாய் பிளந்து, உள்சதை வெளியே தள்ளி, கிட்டப் போனால் நாற்றமும் அடித்தால், அப்போது தயங்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். என் மூன்று மீன்கள் போனது அந்தத் தயக்கத்தால்தான்.

மருந்து விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. மீன்களுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் செம்பு கலந்த மருந்து கொடுப்பார்கள். சாமந்தி இருக்கும் தொட்டியில் அதை ஒரு சொட்டுக்கூட விடாதீர்கள். பாறைகள் செம்பை உறிஞ்சி வைத்துக்கொண்டு பின்னால் கசியவிடும். மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றி வைத்தியம் பாருங்கள்.

கோமாளி மீன்களை என்ன செய்வது என்று கேட்பீர்கள். நான் தடுப்புப் போட்டுப் பிரித்து வைத்தேன். அவை உரசிக்கொண்டே இருக்கும். நோஞ்சான் உடம்பு தாங்காது. பிரிந்த மீன்கள் தவிக்குமோ என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வெளுத்த சாமந்தியோடு இருப்பதும் அவற்றுக்குச் சுகம் இல்லை. பசிபிக் கடலில் மூரேயா என்று ஒரு தீவு. 2016-இல் கடல் சூடேறி அங்கே சாமந்திகள் வெளுத்தபோது, அவற்றில் குடியிருந்த கோமாளி மீன்கள் இட்ட முட்டைகள் 73 சதவீதம் குறைந்ததாக ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் எழுதினார்கள். மீன்களின் இரத்தத்தில் மன உளைச்சலைக் காட்டும் கார்டிசால் ஏறியிருந்தது. சில மாதங்களில் சாமந்திகள் நிறம் திரும்பியபோது மீன்களும் தேறின. நம் மன்னார் வளைகுடாவில் பவளங்களும் இப்படித்தான், சித்திரை வைகாசிச் சூட்டில் வெளுப்பதுண்டு. 2010-இலும் 2016-இலும் கடுமையாக வெளுத்தன. தென்மேற்குப் பருவக்காற்று வீசித் தண்ணீர் தணிந்ததும் பிழைத்தவை நிறம் எடுத்தன. கடலுக்குக் காற்று வருகிறது. தொட்டிக்கு நம்மை விட்டால் யாரும் இல்லை.

என் சாமந்திக்கு ஏழாவது வாரம் வரை ஒரு மாற்றமும் தெரியவில்லை. எட்டாவது வாரம், ஒரு காலையில், விரல்களின் அடியில் வெள்ளைத் துணியில் தேநீர் சிந்தினாற்போல் ஒரு மங்கல் தெரிந்தது. கண்ணாடியில் அழுக்கோ என்று துடைத்துப் பார்த்தேன். இல்லை. பத்து நாளில் அந்த மங்கல் விரலின் பாதி வரை ஏறிவந்தது. ஐந்தாவது மாதம் முழுப் பழுப்பு. அன்றைக்குத்தான் இடுக்கியில் இருந்த இறாலை அதுவாகவே வெடுக்கென்று பிடுங்கியது.

இத்தனை பாடு எதற்கு, புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டவர்களும் உண்டு. 1828-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் ஜான் டாலியெல் என்பவர் எடுத்து வளர்த்த ஒரு சாமந்தி, அவருக்குப் பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்தது. அது பாசி இல்லாத வேறு இனம்தான். அதைப் 'பாட்டி' என்றே கூப்பிட்டார்களாம். அப்படி நம்மையும் தாண்டி வாழக்கூடிய ஒரு உயிரை, நிறம் போய்விட்டது என்று குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை.

தடுப்பை எடுத்த அன்று பெண் மீன் ஒரு சுற்றுத்தான் சுற்றியது. விரல்களுக்குள் முகத்தை வைத்துப் பார்த்தது, பின்வாங்கியது, மறுபடி வைத்தது. அப்புறம் முழுசாக உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஆண் மீன் பின்னாலேயே போனது. இன்று வானொலி நிலையத்துக்குக் கிளம்பும்முன் பார்த்தேன். இரண்டும் அதற்குள்தான் இருந்தன. ஆளுக்கொரு துண்டு இறால் போட்டு, சாமந்திக்கும் ஒன்று வைத்துவிட்டு, மறக்காமல் பம்ப்பைப் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

நன்றி, வணக்கம்.