பார்வை மங்கின அம்மச்சிக்கு மட்டும் தெரியுற பிள்ளைங்க: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்தத் தடவை வந்த கேள்விகள்ல இதை முதல்ல எடுத்துக்கிடுதேன். ஏன்னா இதுக்குப் பதில் கொஞ்சம் சீக்கிரமாப் போய்ச் சேரணும். குலசேகரம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. அப்படியே வாசிக்கேன்.

"சார், எங்களுக்க அம்மச்சிக்கு 80 வயசு தாண்டியாச்சு. சர்க்கரை வந்து ரெண்டு கண்ணும் ரொம்ப மங்கிப் போச்சு. கொஞ்ச நாளா சாயங்காலம் திண்ணையில இருக்கும்போது, முற்றத்துல சின்னச் சின்னப் பிள்ளைங்க வரிசையா நிக்குது, தலையில தொப்பி மாதிரி என்னமோ வச்சிருக்கு, ஒரு சத்தமும் இல்லன்னு சொல்லுதாங்க. மத்தபடி புத்திக்கு ஒரு குறையும் கிடையாது. ரப்பர் ஷீட் வித்த கணக்கை இப்பவும் மனசுலேயே வச்சுச் சொல்லுவாங்க. 'அங்க யாரும் இல்லன்னு எனக்கும் தெரியும் மக்களே, ஆனா கண்ணுல நிக்குதே'ங்காங்க. பக்கத்து வீட்டுல, வாதை, அதாவது பேய், கூடியிருக்குன்னு சொல்லுதாங்க. சித்தப்பா, மூளை கலங்கிப் போச்சுங்காரு. எது சார் உண்மை? நாங்க பக்கத்துல போய் உக்காந்து பேசினா அதுங்க மறைஞ்சிருதாம். அது ஏன்?"

அம்மா, ரெண்டுமே இல்லன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா ஒண்ணு சொல்லிக்கிடுதேன். நான் டாக்டர் கிடையாது, காலேஜ்ல விலங்கியல் பாடம் எடுத்தவன். ஆளைப் பாக்காம இதுதான்னு நான் அடிச்சுச் சொல்லக்கூடாது. நீங்க எழுதியிருக்க அடையாளத்தை எல்லாம் சேத்துப் பாருங்க. பார்வை குறைஞ்சிருக்கு. உருவம் தெரியுது, சத்தம் இல்ல. ஆள் சின்னதா இருக்கு. வெளிச்சம் மங்குற நேரத்துல வருது. நிஜம் இல்லன்னு அவங்களுக்கே தெரியுது. இது அத்தனையும் சார்லஸ் பானெட் சின்ட்ரோம்னு ஒரு நிலைக்கு அப்படியே பொருந்துது. பார்வை ரொம்பக் குறைஞ்ச வயசானவங்கள்ல இது ஒண்ணும் அபூர்வம் இல்ல. அதை வெளிய சொல்லுத ஆளுதான் குறைவு. சொன்னா கிறுக்குன்னு நெனைப்பாங்கன்னு பலபேரு வாயைத் திறக்க மாட்டாங்க. உங்க அம்மச்சி சொல்லிட்டாங்க பாருங்க, அதுவே பெரிய காரியம்.

சார்லஸ் பானெட்ங்கது சுவிட்சர்லாந்துல ஜெனீவாவில இருந்த ஒரு இயற்கை ஆராய்ச்சியாளர். பூச்சிகளைப் பத்தி நிறைய வேலை பண்ணினவரு. அவருக்க தாத்தாவுக்கு 89 வயசு, பேரு சார்லஸ் லுலின். திமிரம், அதாவது கண்புரை, வந்து ரெண்டு கண்ணுலயும் ஆபரேஷன் பண்ணின ஆளு, பிறகும் பார்வை மங்கிட்டே வந்துது. அவருக்கு முன்னால ஆம்பளைங்க, பொம்பளைங்க, பறவைங்க, வண்டிங்க, கட்டடங்க எல்லாம் வந்து போகும். ஒண்ணும் பேசாது. பெரியவரு பயப்படவும் இல்ல, நம்பவும் இல்ல. பேரன் இதை 1760-ல எழுதி வச்சாரு. அந்தப் பேரனுக்கே பிற்காலத்துல பார்வை குறைஞ்சு இதே மாதிரி உருவங்க தெரிய ஆரம்பிச்சுது, அது வேற கதை.

சரி, கண்ணு கெட்டா ஒண்ணும் தெரியாமதான போகணும்? இல்லாததெல்லாம் ஏன் தெரியணும்? இதைப் புரிஞ்சுக்கணும்னா, நல்ல கண்ணு உள்ள நாம எப்படிப் பாக்குதோம்னு முதல்ல தெரியணும்.

இப்போ ஒரு காரியம் செய்யுங்க. வீடியோவை நிறுத்திட்டுச் செஞ்சாலும் சரி. ரெண்டு கையையும் நேரா நீட்டி, ரெண்டு பெருவிரலையும் பக்கத்துல பக்கத்துல நிமித்திப் பிடிங்க. இடது கண்ணை மூடிக்கிடுங்க. வலது கண்ணால இடது பெருவிரலையே பாத்துட்டு இருங்க, பார்வை நகரவே கூடாது. இப்போ வலது பெருவிரலை மட்டும் மெதுவா வலது பக்கமாக் கொண்டு போங்க. ஒரு சாண் தூரம் போகும்போது அந்த விரலுக்க நுனி காணாமப் போகும். இன்னும் தள்ளிப் போனா திரும்ப வரும். அந்த இடத்துல உங்களுக்குக் கண்ணே கிடையாது. விழித்திரையில இருந்து பார்வை நரம்பு வெளிய போற வாசல் அது, வெளிச்சத்தை வாங்குற செல் ஒண்ணுகூட அங்க இல்ல. மரியோட்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 1660-கள்லயே இதைக் கண்டுபிடிச்சுட்டாரு. குளச்சல்லயும் முட்டத்துலயும் வலையில வருதே கணவாய், அதுக்கு இந்தக் குறை இல்ல கேட்டீங்களா. அதுக்கு நரம்பு விழித்திரைக்குப் பின்பக்கமா ஓடுது. நமக்கு முன்பக்கமா ஓடி, ஓட்டை போட்டு வெளிய வருது.

ஆனா நான் கேக்க வந்தது வேற. விரல் நுனி மறைஞ்சுதே, அந்த இடத்துல என்ன தெரிஞ்சுது? கறுப்பா ஒரு பொத்தல் தெரிஞ்சுதா? இல்ல. பின்னால உள்ள சுவருக்க பெயின்ட், அதே கலர்ல நீட்டா தெரிஞ்சிருக்கும். அதை யாரு வரைஞ்சா? கண்ணு வரையல்ல, கண்ணுதான் அங்க கிடையாதே. சுத்தி உள்ளதைப் பாத்து இங்கயும் அதுதான் இருக்கும்னு மூளை போட்டு நிரப்பிருச்சு. பிறந்த நாள்ல இருந்து, முழிச்சிருக்க ஒவ்வொரு நிமிஷமும் இது நடந்துட்டுதான் இருக்கு.

இன்னும் உண்டு. கண்ணுக்குள்ள வெளிச்சத்தை வாங்குற செல்கள் சுமார் 12 கோடி. அதுல இருந்து மூளைக்குப் போற நரம்பு இழைங்க ஏறக்குறைய 10 லட்சம்தான். துல்லியமாத் தெரியுற இடம் எவ்வளவு பெருசுன்னு நெனைக்கீங்க? கையை நீட்டிப் பிடிச்சா உங்க பெருவிரல் நகம் இருக்கே, கிட்டத்தட்ட அவ்வளவுதான். மத்ததெல்லாம் மங்கல். அந்த நகத்தளவு சன்னலை ஒரு விநாடிக்கு மூணு தடவை போல அங்கயும் இங்கயும் எறிஞ்சுதான் நாம உலகத்தைப் பாக்குதோம். எறியுற அந்த நேரத்துல படம் கலங்கணுமே? மூளை அதை அமுக்கிருது. கண்ணாடியில உங்க இடது கண்ணைப் பாத்துட்டு வலது கண்ணைப் பாருங்க, கண்ணு அசையுறது உங்களுக்குத் தெரியவே செய்யாது. பக்கத்துல நிக்க ஆளுக்குத் தெரியும்.

ஆக, கண்ணு கொடுக்குறது துண்டும் துணுக்கும். முழுப் படத்தை மூளை ஊகிச்சு வச்சுக்கிடுது, கண்ணு அதைச் சரிபாத்துக் கொடுக்குது. ஹெல்ம்ஹோல்ட்ஸ்னு ஜெர்மன் விஞ்ஞானி ஒருத்தரு, பார்வைங்கது நாம அறியாமலே போடுற ஊகம்னு 1860-கள்லயே சொல்லிட்டாரு. நரம்போட்டத்தைப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கு. மூளைக்கப் பின்பக்கத்துல பார்வையைக் கவனிக்குற மேலடுக்கு உண்டு, பார்வைப் புறணிம்பாங்க. பார்வைச் செய்தி அங்க போறதுக்கு முன்னால, தலாமஸ்னு நடுமூளைப் பக்கத்துல ஒரு இடத்துல நின்னு போகும். அந்த இடத்துக்கு வாற இணைப்புகள்ல, விழித்திரையில இருந்து வாறது பத்துல ஒரு பங்குதான் தேறும். மிச்சம் எல்லாம் மூளைக்குள்ளேருந்தே வாறது. மேல உள்ள அந்தப் பார்வைப் புறணியில இருந்து கீழ இறங்கி வாறதும் அதுல ஒரு பெரிய பங்கு. படிக்கும்போது எனக்கே இது நம்ப முடியாமதான் இருந்துது.

கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டிருப்பீங்க. புலவர் ஒரு அடி எடுப்பாரு, பக்கப்பாட்டுக்காரங்க அதை வாங்கிப் பாடுவாங்க. கதை அவங்களுக்கும் மனப்பாடம்தான், ஆனாலும் புலவர் எந்தப் பக்கம் கொண்டு போறாரோ அந்தப் பக்கம்தான் போவாங்க. திடீர்னு புலவருக்குத் தொண்டை கட்டி நின்னு போச்சுன்னு வைங்க. குடமும் உடுக்கையும் சும்மா இருக்குமா? பின்னால உள்ளவங்களே எதையாவது எடுத்துப் பாட ஆரம்பிப்பாங்க. உங்க அம்மச்சிக்கு நடக்கது அதுதான். கண்ணுல இருந்து வாற வரத்து குறைஞ்சு போச்சு. பார்வைப் புறணி நல்லாத்தான் இருக்கு. வேலை இல்லாம இருக்க அதுக்குத் தெரியாது, தானா கிளம்பிருது.

இது வெறும் யூகம் இல்ல. 1998-ல லண்டன்ல இந்த மாதிரி ஆட்களை ஸ்கேனுக்குள்ள படுக்க வச்சு, உருவம் தெரியும்போது அடையாளம் காட்டச் சொன்னாங்க. முகம் தெரிஞ்ச ஆளுக்கு, நிஜ முகத்தைப் பாக்கும்போது வேலை செய்யுற அதே இடம் மூளையில வேலை செஞ்சுது. கலர் தெரிஞ்ச ஆளுக்கு, கலருக்கான இடம். அதனால அம்மச்சி "தெரியுது"ன்னு சொன்னா, அது கற்பனையோ நடிப்போ கிடையாது. மூளையைப் பொறுத்தவரைக்கும் பாக்கத்தான் செய்யுதாங்க. அமெரிக்காவுல நல்ல கண்ணு உள்ள 13 பேருக்கு அஞ்சு நாளு கண்ணைக் கட்டி விட்டாங்க. அதுல 10 பேருக்கு என்னென்னமோ தெரிஞ்சுது. 2004-ல அதை வெளியிட்டாங்க. சித்தப்பாவுக்குக் கண்ணைக் கட்டி விட்டாலும் தெரிய வாய்ப்பு உண்டு, சொல்லிப் பாருங்க! கை கால் எடுத்த பிறகும் அந்தக் கை அரிக்குது, வலிக்குதுன்னு சொல்லுதாங்கல்லா, சென்னை ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன் கண்ணாடியை வச்சு அதுக்கு வைத்தியம் கண்டுபிடிச்சாரு. அதுவும் இந்த வகைதான்.

ஏன் தொப்பி, ஏன் குட்டிப் பிள்ளைங்கன்னு கேட்டா, உலகம் முழுக்க இவங்க சொல்லுறது ஒரே மாதிரிதான் இருக்கு. குட்டி ஆட்கள், அலங்காரமா உடுப்பு, தலையில என்னமாவது, தெரியாத முகங்க, இல்லன்னா கட்டம் கட்டமா கோலம் மாதிரி. நம்ம முப்பந்தல் இசக்கியம்மனையே கேள்விப்படாத ஊருலயும் இப்படித்தான் சொல்லுதாங்க. வாதைன்னு சொல்லுதவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

பேசினா மறையுறது ஏன்? இதுல கவனம்ங்கது வருது. சும்மா, அசையாம, மங்கல் வெளிச்சத்துல தனியா இருக்கும்போதுதான் இது அதிகம் வரும். நீங்க வந்து உக்காந்ததும் அவங்க தலை திரும்புது, கண்ணு அசையுது, மனசு உங்க பேச்சுல போகுது. மூளைக்கு வேற வேலை கிடைச்சிருது.

கவனத்துக்கு எவ்வளவு பலம்னு காட்ட எதிர்ப்பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லுதேன். 2013-ல எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பாத்துப் பழகின 24 ரேடியாலஜி டாக்டருங்ககிட்ட நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்து, சின்னச் சின்னக் கட்டி இருக்கான்னு தேடச் சொன்னாங்க. கடைசிப் படத்துல ஒரு கொரில்லா குரங்கு படத்தை ஒட்டி வச்சிருந்தாங்க, அவங்க தேடுற கட்டியை விட 48 மடங்கு பெருசு. 20 பேரு அதைப் பாக்கல்ல. கண்ணு எங்க போகுதுன்னு கருவி வச்சுப் பாத்தா, அதுல பலபேருக்குக் கண்ணு நேரா கொரில்லா மேலயே போய் நின்னிருக்கு! இல்லாதது அம்மச்சிக்குத் தெரியுது. இருக்கது அந்த டாக்டருங்களுக்குத் தெரியல்ல. பார்வதிபுரம் ஜங்ஷன்ல "ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் திரும்பினேன், பைக் வந்ததே தெரியாது"ன்னு சொல்லுதவன் எல்லாம் பொய் சொல்லல்ல.

தன்னுணர்வுன்னு சொல்லுதோமே, அதைப் பத்தியும் அம்மச்சி ஒண்ணு சொல்லிட்டாங்க: "இல்லன்னு தெரியும், ஆனா நிக்குதே." பாக்குறதும் நம்புறதும் மூளையில ஒரே இடத்து வேலை இல்லன்னு இதுல இருந்து தெரியுது. இதுக்கு நேர் எதிரா ஒரு ஆளு உண்டு. பேரை வெளியிடாம டி.பி.ன்னு மட்டும் குறிப்பிடுவாங்க. மூளை ஆபரேஷன்ல வலது பக்கப் பார்வைப் புறணியில ஒரு பகுதியை எடுக்க வேண்டி வந்து, இடது பக்கக் காட்சி அவருக்குத் தெரியாமப் போச்சு. வைஸ்கிராண்ட்ஸ்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட உள்ளவங்களும் அந்தப் பக்கம் ஒரு வெளிச்சத்தைக் காட்டி, சும்மா குத்துமதிப்பா கையைக் காட்டுங்கன்னாங்க. "எனக்கு ஒண்ணும் தெரியல்லியே"ன்னுட்டே சரியான இடத்தைக் காட்டினாரு. 1974-ல இது வெளியாச்சு. கண்ணு வாங்கின செய்தி உள்ள போயிருக்கு, ஆனா "நான் பாக்கேன்"ங்கற அறிவு மட்டும் வரல்ல. அந்த அறிவு எப்படி வருதுங்கதுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒத்துக்கிட்ட ஒரு பதில் கிடையாது.

பதில் இல்லாத இடத்துலதான் கடை போடுத ஆட்கள் வருவாங்க. கண்ணைக் கட்டிட்டுப் பிள்ளையைப் புத்தகம் வாசிக்க வைக்கோம், நடுமூளையைத் தட்டி எழுப்புதோம்னு பீஸ் வாங்குத வகுப்புகள் உண்டு. பிள்ளை மூக்கு ஓரத்து இடைவெளி வழியா கீழ பாத்து வாசிக்கும், அவ்வளவுதான். டி.பி. கதையை அதுக்குச் சாட்சியா யாராவது சொன்னா நம்பாதீங்க. டி.பி.க்குக் கண்ணு திறந்துதான் இருந்துது.

சரி, இப்போ நீங்க செய்ய வேண்டியதுக்கு வருவோம். முதல்ல கண் டாக்டர்கிட்ட கொண்டு போங்க. சர்க்கரை விழித்திரையைக் கெடுத்திருந்தா லேசரோ ஊசியோ உண்டு, திமிரமும் சேந்து இருந்தா அதை எடுக்கலாம். பார்வை கொஞ்சம் தேறினாலே இந்த உருவங்க குறைய வாய்ப்பு உண்டு. போகும்போது உருவம் தெரியுத விஷயத்தையும் கூச்சப்படாமச் சொல்லுங்க. அந்தப் பிள்ளைங்க பேச ஆரம்பிச்சா, ஏதாவது செய்யச் சொன்னா, அம்மச்சி அதை நிஜம்னு நம்ப ஆரம்பிச்சா, ஆள் அடையாளம் தப்பினா, கை நடுங்கி நடை தளந்தா, அது வேற நோயா இருக்கலாம், நரம்பு டாக்டரைப் பாக்கணும். காய்ச்சலோட திடீர்னு உளறினா தாமதிக்கவே கூடாது. வயசானவங்களுக்கு மூத்திரத்துல கிருமி, உப்பு குறையுறது, சர்க்கரை தாழுறது இதெல்லாம் அப்படிச் செய்யும். ஆசாரிப்பள்ளம் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போயிருங்க.

வீட்டுல, சாயங்காலம் ஆனதும் திண்ணையில நல்ல லைட்டா போடுங்க. உருவம் வந்தா தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் இடமும் வலமுமா சில தடவை ஆட்டச் சொல்லுங்க, இல்ல எந்திரிச்சு ரெண்டு எட்டு நடக்கச் சொல்லுங்க. பலபேருக்கு மறைஞ்சிரும். இசக்கிக்கு விளக்கு வைக்கணும்னு அவங்க ஆசைப்பட்டா வைங்க, அதுல எனக்கு ஒரு தகராறும் இல்ல. வாதையை ஓட்டுதேன்னு பிரம்பை எடுக்குத ஆளு வீட்டுக்குள்ள வரக்கூடாது. சர்க்கரை மாத்திரையை நிறுத்துங்கன்னு எவன் சொன்னாலும் கேக்கக்கூடாது.

எப்போ நிக்கும்னு கேட்டா, சிலருக்கு ஒரு வருஷம், ஒண்ணரை வருஷத்துல தானா குறைஞ்சிரும். சிலருக்கு இருந்துட்டே இருக்கும், ஆனா பயம் போயிரும். கண்ணால வந்த வினை, மூளை கலங்கல்லன்னு ஒருத்தரு நிதானமா எடுத்துச் சொன்னதுமே பலபேருக்கு நிம்மதி வந்திருக்கு. இந்த வீடியோவை அம்மச்சிக்குப் போட்டுக் காட்டுங்க, சித்தப்பாவையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிடுங்க. அடுத்த கேள்வி, திங்கள்சந்தையில இருந்து வந்திருக்கு.