பன்னிரண்டரை லட்சத்துக்குக் கமா எங்கே வரும்?

வணக்கம் மக்களே. பின்னால் கேட்பது குக்கர் இல்லை, பட்டறைச் சத்தம். செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் வெள்ளிப் பட்டறை மாடியில் இருக்கிறேன். ஏற்காடு வீடியோவின் மீதி அடுத்த வாரம். இன்றைக்கு என் ஆத்திரமெல்லாம் ஒரு கமா மேல்தான்.

மாமாவுக்குப் பைத்தான் என்கிற நிரல்மொழியில் பில் போடும் நிரல் எழுதுகிறேன் என்றேன் இல்லையா, எழுதியாச்சு. எஃப்-ஸ்ட்ரிங்கில், அதாவது வரிக்குள்ளேயே எண்ணைச் செருகும் முறையில், தொகைக்குப் பின்னால் கோலன் போட்டுக் கமா வைத்தேன். 1,250,000 என்று வந்தது. மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஏன் மாப்ள, இது பன்னெண்டரை லட்சமா, ஒன்னேகால் கோடியா?" என்றார். நியாயமான கேள்வி! அந்தக் கமா மூன்று மூன்றாக மட்டும்தான் வெட்டும். பைத்தான் 3.1இல் வந்த வசதி, இன்னும் லட்சம் தெரியாது. ஜாவாஸ்கிரிப்ட் என்கிற இன்னொரு நிரல்மொழி எனக்கு ஆகாது, உங்களுக்கே தெரியும். ஆனால் அதில் இந்திய லோகேலை, அதாவது இந்திய வழக்கப்படி எண் எழுதும் அமைப்பை, கொடுத்தால் 12,50,000 தானாக வந்து நிற்கும். எரிச்சலாக இருக்காதா?

சரி, பைத்தானிலேயே கமா இடத்தில் 'என்' என்கிற ஆங்கில எழுத்தை (n) போட்டால் லோகேலைப் பார்த்துப் பிரிக்கும். போட்டேன். 12,50,000! பட்டறையில் எல்லோருக்கும் டீ சொன்னேன். டீ வருவதற்குள் ஐம்பது பைசா சேர்த்துப் பார்த்தால், 1.25, பக்கத்தில் ஒரு ஈ, ஒரு ப்ளஸ், 06 (1.25e+06). தசம எண் பெரிதானால் 'என்' இப்படிப் பத்தின் அடுக்காக எழுதும் அடுக்குக்குறிக்குத் தாவிவிடும். வெள்ளி வியாபாரியிடம் இந்தப் பில்லை நீட்ட முடியுமா?

கடைசியில் கைகொடுத்தது பைத்தானோடு வரும் லோகேல் மாட்யூலில் இருக்கிற ஃபார்மேட் ஸ்ட்ரிங் (format_string) என்கிற கட்டளை. சதவீதக்குறி, புள்ளி, 2, எஃப் (%.2f), அதாவது புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம். அப்புறம் குரூப்பிங் ட்ரூ. 12,50,000.50. எவ்வளவு அழகு பாருங்கள்! இருங்கள், முக்கியமானதை விட்டுவிட்டேன். இதற்கெல்லாம் முன்னால் எந்த லோகேல் என்று சொல்லும் செட்லோகேல் கட்டளையைப் போட வேண்டும், 'என்'னுக்கும் அதேதான். அந்த இந்திய லோகேல் உங்கள் கணினியில் இல்லாவிட்டால் எரர்தான் வரும்.

எடைக்கு .3எஃப். 85.5 கிராம் 85.500 ஆகிவிடும். மில்லிகிராம் வரை தெரிவதால் மாமாவுக்கு இது மட்டும் பார்த்தவுடன் பிடித்துவிட்டது.

பொருள் பெயரை நேராக அடுக்குவதுதான் நடக்கவே இல்லை. கொலுசு, தண்டை இரண்டும் கண்ணுக்கு மூன்று எழுத்து. பைத்தான் துணைக்குறி, புள்ளியைத் தனித்தனியாக எண்ணி கொலுசை ஆறு என்கிறது, தண்டையை ஐந்து என்கிறது. அதை நம்பி இடைவெளி விட்டால் பத்தி கோணல்மாணலாக நிற்கும். சண்டை போடாமல், வலைப்பக்கம் எழுதும் ஹெச்டிஎம்எல்லின் அட்டவணைக்கு மாறிவிட்டேன்.

முழு நிரலும் கீழே டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது. கூலி, சேதாரம் போடுகிற வரிகளை மட்டும் எடுத்துவிட்டேன், மாமா உத்தரவு.