மறதியை முதலில் சொல்லுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தண்டையார்பேட்டை, காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களை ஓ.பி. வரிசையில் பார்த்துப் பழகியவள். உங்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். மறதி பற்றிய கவலை இருந்தால், டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது? சுகர், பிரஷர், முட்டிவலி எல்லாம் சொல்லி முடித்து, மருந்துச் சீட்டும் கைக்கு வந்து, வாசலில் செருப்பைத் தேடும்போதுதான், "அப்புறம் டாக்டர், கொஞ்சம் மறதியா இருக்கு" என்பார்கள். அதற்குள் அடுத்தவர் உட்கார்ந்திருப்பார். டாக்டரும் "வயசாச்சுல்ல" என்று சொல்லிவிட வாய்ப்பு அதிகம்.

வயதானால் கொஞ்சம் மறதி வரும்தான். ஒருவர் பெயர் சட்டென்று வராமல் சாயங்காலம் தானாக வருவது, கண்ணாடியை வைத்த இடம் தேடுவது, இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். தினமும் போய்வரும் தெருவில் வழி தடுமாறுவது, கேட்டதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, பழகிய குழம்பை வைக்கும்போது அடுத்து என்ன என்று புரியாமல் நின்றுவிடுவது, இவை வேறு. இவற்றைத்தான் டாக்டர் கேட்க வேண்டும்.

காசிமேட்டில் மீன் வியாபாரம் பார்த்த ஓர் ஆயா வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஏலத்தில் எடுத்த கூடைக்கு யாருக்கு எவ்வளவு தரவேண்டும், எந்த வீட்டில் எவ்வளவு பாக்கி, எல்லாம் மனக்கணக்குதான். "ஞாபகம் இல்ல" என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். "ஐந்நூறு ரூபா நோட்டு வாங்கினா மீதி எவ்ளோ குடுக்கணும்னு தெரியல டாக்டர், ஆடி மாசத்துல இருந்து இப்படி" என்றார். டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதில் தடுமாற்றம், எப்போதிலிருந்து, இரண்டும் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது.

பிறகு ஞாபகப் பரிசோதனை. இன்று என்ன தேதி, என்ன மாதம் என்று கேட்பார்கள். மூன்று பொருளின் பெயரைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். கடிகாரம் வரையச் சொல்வதும் உண்டு. மாதம் கேட்டதற்கு ஆயா, "தடைக்காலம் முடிஞ்சு மூணு மாசம் ஆவப்போவுது" என்றார். மீன்பிடித் தடை ஜூன் 14 வரை. அப்போது செப்டம்பர் தொடக்கம். அது சரியான பதில், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குப் பேனா பிடித்து வரைவதே புதுசு. அதில் மதிப்பெண் குறைந்தால் அது மூளையின் குறை ஆகிவிடாது. அதனால் எதுவரை படித்தேன், என்ன தொழில் செய்தேன் என்பதையும் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

அவருக்கு ரத்தத்தில் பி12 வைட்டமின் குறைவாக இருந்தது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடும் சிலருக்கு இப்படி ஆகும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஊசி போட்டபின் அவர் கணக்கு முழுதாகத் திரும்பியது என்று சொல்ல மாட்டேன், ஓரளவு தேறினார். தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, சளிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் சில மாத்திரைகள், குடி, காது கேளாமை, இவை எல்லாமே மறதி போலத் தெரியும். விழுந்து தலையில் அடிபட்டு, சில வாரம் கழித்து உள்ளே ரத்தம் கட்டிக் குழப்பம் வருவதும் உண்டு. அதனால் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், கஷாயம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். விழுந்திருந்தால் மறைக்காதீர்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்குச் சுமார் ஏழு பேருக்கு டிமென்ஷியா என்ற மறதி நோய் இருப்பதாக ஒரு பெரிய தேசிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. அதுவே என்று தெரிய வந்தாலும் சீக்கிரம் தெரிவது நல்லது. பென்ஷன், பேங்க், வீட்டுப் பத்திரம் இவற்றில் தன் விருப்பத்தைத் தானே சொல்ல அப்போதுதான் நேரம் கிடைக்கும்.

கூடப் போகும் பிள்ளைகளுக்கும் ஒன்று. டாக்டர் அம்மாவைக் கேட்டால் அம்மா பதில் சொல்லட்டும். "இவங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல டாக்டர்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதும் தலை குனிந்துகொண்ட தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் அவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். அவர் முடித்தபின், "அம்மா, நானும் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

டாக்டர் வயசுதான் காரணம் என்று முடித்துவிட்டால், "பி12, தைராய்டு பார்க்கலாமா டாக்டர்? ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவுக்கு எழுதித் தருவீர்களா?" என்று மரியாதையாகக் கேட்கலாம், தப்பே இல்லை. நடக்க முடியாதவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் சொல்லி வையுங்கள். முதியோர் உதவி எண் 14567, காலை எட்டு முதல் இரவு எட்டு வரை. வணக்கம்.