கரி அடுப்பைத் தட்டிப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. பழைய பார்பிக்யூ அடுப்பைப் பற்றிப் பேச என்னை வானொலிக்குக் கூப்பிடுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள். இங்கே நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை, அதனால் தைரியமாகவே தொடங்குகிறேன்.

நான் சொல்லும் அடுப்பை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எண்ணெய் டிரம்மை நெடுக்காக அறுத்து, அதில் ஒரு பாதியை ஆங்கிள் இரும்புச் சட்டத்தில் உட்கார வைத்து, மேலே கம்பித் தட்டு போட்டது. சொந்தத்தில் யாராவது ஒருவர் தரைவீட்டில் இருப்பார். அவர் வீட்டுப் பின்பக்கம், குழாயடியில் கிடக்கும். பிள்ளைகளின் 21வது பிறந்தநாளுக்கு வெளியே வரும். ஒரு நாள் கூத்து. மறுபடியும் குழாயடி. அடுத்த முறை இழுக்கும்போது ஒரு கால் தனியாகக் கையோடு வரும்.

உடனே என்ன சொல்வோம்? "நெருப்புல வெந்து வெந்து இரும்பு போயிடுச்சு." இல்லை ஐயா. நெருப்பு அந்த அடுப்பை ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வேன். கெடுத்தது சாம்பல். சாம்பலும் ஈரமும். இந்த உரையில் இதைப் பலமுறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லாவ் பா சாட் உணவங்காடிக்குப் பக்கத்தில், பூன் டாட் ஸ்திரீட்டில், மாலையானால் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, குச்சியில் குத்திய இறைச்சியைச் சுட்டு சாத்தே போடுவார்களே, அந்த அடுப்புகளைக் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு மாலையும் எரிகிற அடுப்புகள். நெருப்புதான் இரும்பைத் தின்னும் என்றால் அவை முதலில் போயிருக்க வேண்டும். ஆனால் அவை கறுத்து, எண்ணெய் பூத்து, திடமாக நிற்கின்றன. தினமும் காய்கின்றன, தினமும் கொழுப்பு சொட்டுகிறது, தினமும் சாம்பல் அள்ளப்படுகிறது. வருஷத்துக்கு இரண்டு தடவை எரிகிற நம் வீட்டு அடுப்புதான் ஓட்டையாகிறது.

ஏன் என்று கேட்டால், காற்றில்தான் விஷயம் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால் இரும்பில் துரு வேகமெடுக்கும் என்பது பொதுக் கணக்கு. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழையில்லாத நாளின் பிற்பகல் வெயிலில் 60 பக்கம் இறங்கும், அவ்வளவுதான். அதாவது நம் ஊரில் இரும்புக்கு ஓய்வே கிடையாது. இதில் கடற்கரைப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்று வேறு.

இப்போது இதோடு சாம்பலைச் சேருங்கள். சாம்பலில் உப்புகள் இருக்கின்றன, அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நாம் தடவிய மசாலாவின் உப்பும், எலுமிச்சைச் சாறும், சோயா சாஸும் அதே சாம்பலில்தான் சொட்டியிருக்கும். அடுப்பின் அடியில் சாம்பலை விட்டுவைப்பது, இரும்பை ஈரத்துணியில் சுற்றிவைத்த மாதிரி. நாம் அதோடும் விடுகிறோமா? கிளம்பும் அவசரத்தில் ஒரு வாளி தண்ணீரை எடுத்துக் கரியின் மேல் ஊற்றுகிறோம். சுர்ரென்று ஆவி கிளம்பும், எல்லாரும் கைதட்டுவார்கள். சாம்பல் களியாகி மூலை முடுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். அடுப்பு அன்றைக்கே பாதி செத்தது.

தண்ணீர் ஊற்றாதீர்கள். எரிந்து தணியட்டும், அல்லது மிச்சக் கரியை இடுக்கியால் எடுத்து மூடியுள்ள இரும்பு டின்னில் போட்டு மூடுங்கள். காற்று இல்லாமல் தானே அணையும், அடுத்த முறைக்கும் உதவும். மறுநாள் சாம்பலை ஒட்ட அள்ளுங்கள். மறுநாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே ஆறினது போல இருக்கும், உள்ளே கங்கு கிடக்கும். அந்தச் சாம்பலைப் பையில் கட்டி வீவக அடுக்குமாடி வீட்டுக் குப்பைக் குழாயில் போட்டால், கீழே புகை வந்து தீயணைப்பு வண்டி வரும். நடக்காததைச் சொல்லவில்லை.

சரி, பழுதுபார்க்கும் கதைக்கு வருகிறேன். நான் செம்பவாங் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன். கப்பல் பட்டறை என்றால் வெல்டிங், கிரேன் என்று நினைப்பீர்கள். எங்களுக்குப் பாதி வாழ்க்கை துரு தட்டுவதிலேயே போனது. சிப்பிங் சுத்தியல் என்று ஒன்று, இரண்டு பக்கமும் உளி முனை. எங்கள் மண்டோர், அதாவது மேஸ்திரி, தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். கப்பலின் தொட்டிக்குள் இறங்கினால் விளக்கைக்கூட அப்புறம்தான் கேட்பார். முதலில் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். டங், டங், டங். திடீரென்று 'சொத்' என்று ஒரு சத்தம். நின்று அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார்.

ஒருமுறை புதிதாக வந்த இளம் எஞ்சினியர் ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்து, செக்கச்செவேல் என்று துருப்பிடித்த ஒரு தகட்டைக் காட்டி, "இதை வெட்டி மாற்ற வேண்டும்" என்றார். மண்டோர் தட்டினார், டங் என்றது. "தம்பி, இது மேல்துரு, இன்னும் இருபது வருஷம் நிக்கும்" என்றார். அப்புறம் இரண்டு எட்டு நடந்து, சாயம் பளபளவென்று இருந்த இடத்தில் தட்டினார். சுத்தியல் முனை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது சாயத்தோல் மட்டும் அப்பளம் உடைந்தாற்போல நின்றது. எஞ்சினியர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாளிலிருந்து அவர் கையிலும் ஒரு சிறிய சுத்தியல் இருந்தது. இந்தக் கதையை நான் சொல்லாத கல்யாண வீடு இல்லை.

அதையேதான் அடுப்புக்கும் சொல்கிறேன். கண்ணால் முடிவு செய்யாதீர்கள், தட்டிப் பாருங்கள். என் மைத்துனர் வீட்டு அடுப்பு அப்படித்தான் என் கைக்கு வந்தது. "அத்தான், பாக்கவே சகிக்கல, காராங்குனிக்காரர்கிட்ட கொடுத்துடலாம்" என்றார், பழைய சாமான் வாங்குபவரைத்தான் சொன்னார். சாம்பலை அள்ளிவிட்டுத் தட்டினேன். டிரம்மின் பக்கங்கள் டங். அடிவயிறு, சாம்பல் உட்காரும் இடம், சொத். சட்டத்தின் மேல்பகுதி டங். கால்களின் அடி, தரையின் ஈரத்தில் நின்ற நாலு விரற்கடை மட்டும் சொத். பார்த்தீர்களா, நெருப்பு நேராகப் படும் பக்கங்கள் நன்றாக இருக்கின்றன. போனது இரண்டும் ஈரம் தங்கிய இடங்கள்.

இன்னோர் இடத்தையும் பாருங்கள், டிரம்மும் சட்டமும் ஒட்டும் இடம். இரும்பு துருவாகும்போது பல மடங்கு ஊதும். இரண்டு தகட்டுக்கு நடுவில் துரு வளர்ந்தால் போல்ட்டையே நெம்பித் தள்ளும். அங்கே அடுக்கடுக்காக உரிந்து வரும். அந்த நட்டுகள் எளிதில் திரும்பாது. ஊடுருவும் எண்ணெய் ஸ்ப்ரே அடித்து ஓர் இரவு விடுங்கள். பிறகு தலையில் இலேசாகத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூல் அசைத்து, பிறகு தளர்த்துங்கள். அப்படியும் வராவிட்டால் ஹேக்ஸா பிளேடால் அறுத்துவிடுங்கள். ஐம்பது காசு போல்ட்டுக்காகச் சட்டத்தை வளைக்க வேண்டாம்.

கால் போயிருந்தால் அழுகிய பகுதியை வெட்டிவிட்டு, அதே அளவு ஆங்கிளை வெல்டிங்கில் ஒட்டச் சொல்லுங்கள். காக்கி புக்கிட் பக்கப் பட்டறைகளில் கேட்டால் யாராவது செய்து தருவார்கள். நாலு காலையும் சமமாக வெட்டிக் குட்டையாக்கிவிடுவதும் ஒரு வழிதான், குனிந்து சுட முதுகு இடம் கொடுத்தால்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஓட்டையை மூட, கூரைக்குப் போடும் ஜி.ஐ. தகட்டை வைக்காதீர்கள். பளபளவென்று இருக்கும், துருவும் பிடிக்காது, ஆசையாகத்தான் இருக்கும். அதன் மேல் இருப்பது துத்தநாகம். அது 419 டிகிரி செல்சியஸில் உருகும். விசிறிவிட்ட கரி அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். இன்னும் சூடானால் வெள்ளைப் புகை வரும். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல் அடிக்கும், பழைய வெல்டர்களைக் கேட்டுப் பாருங்கள். கரிக்குப் பக்கத்தில் வெறும் இரும்புத் தகடு போதும். போல்ட்டும் துத்தநாகம் பூசாததாக இருக்கட்டும்.

துரு தேய்க்க ஒயர் பிரஷ் போதும், கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். பழைய சட்டத்தில் சாயத்துக்கு அடியில் ஆரஞ்சு கலந்த சிவப்பு தெரிந்தால் மட்டும் நிறுத்துங்கள். அது அந்தக் காலத்து ரெட் லெட் பிரைமராக இருக்கலாம், ஈயம் கலந்தது. கப்பல் பட்டறைகளில் வாளி வாளியாகப் பூசினோம். உலர்ந்த தூளாகப் பறக்கவிடக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைத் தொடாமலிருப்பதே நல்லது.

கம்பித் தட்டை வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் துரு இளகிவிடும். கழுவிய கையோடு அடுப்பிலேயே காயவைத்து எண்ணெய் தடவிவிடுங்கள். நம் ஊர்க் காற்றில், சுத்தம் செய்த இரும்பை ராத்திரி அப்படியே விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். இன்னொன்று, சுடும் நாளில் தட்டைச் சுத்தம் செய்ய ஒயர் பிரஷ் வேண்டாம். கம்பி இழை உதிர்ந்து இறைச்சியோடு வயிற்றுக்குள் போய், மருத்துவமனை வரை போனவர்கள் உண்டு. பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்திச் சூடான தட்டில் தேய்த்தால் போதும், மணமும்...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் இருக்கிறதாம். சாயத்தை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். வெளிப்பக்கத்துக்கும் சட்டத்துக்கும் மட்டும், 600 டிகிரி தாங்கும் ஸ்ப்ரே. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு. டிரம்மின் உள்ளேயும் தட்டிலும் சாயமே கூடாது, அங்கே சமையல் எண்ணெய்தான். துணியால் தடவி, அதிகமானதைத் துடைத்துவிட்டு, சின்னத் தீயில் புகை அடங்கும்வரை வையுங்கள். அந்த முதல் நெருப்பில் ஒன்றும் சுட வேண்டாம், சாயம் இறுகுவதற்கான நெருப்பு அது.

திறந்த வெளியில்தான் எரிக்க வேண்டும். மழை வந்துவிட்டது என்று எரியும் கரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது.

கடைசியாகப் பாக்காவ் கரியைப் பற்றி நிறையச் சொல்ல வந்தேன். பேராக் மாநிலத்தில் மாத்தாங் சதுப்புநிலக் காட்டின் பாக்காவ் மரத்தை, கோலா செப்பெத்தாங்கில் குடிசை போன்ற பெரிய செங்கல் சூளைகளில் வாரக்கணக்கில் வேகவைத்துச் செய்கிற கரி அது. கெட்டியாக இருக்கும், நின்று எரியும். கடையில் அதைக் கேட்டு வாங்குங்கள், மிச்சத்தைச் சொல்ல நேரமில்லை. சாம்பலை மட்டும் மறுநாளே அள்ளிவிடுங்கள். வணக்கம்.