2024 டிசம்பர்: ஒரே ஒரு யானை, கை மாறின உலகப் பட்டம்!

[திரையில்: செஸ் போர்டு. வெள்ளை யானை மட்டும் மினுங்குது.]

55ஆவது மூவ். யானை, எஃப்2ங்கிற கட்டத்துக்கு. அவ்ளோதான், கதை முடிஞ்சுது.

வணக்கம் மக்களே! 2024 டிசம்பரை ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். அரசியல் இருக்கு, கல்யாணம் இருக்கு, ஓய்வு இருக்கு. முதல்லயே சொல்லிடறேன், வீடியோவுல பாதி செஸ்தான். ஆட்டம் தெரியாதவங்க ஓடிடாதீங்க, யானை நேரா போகும், பிஷப் குறுக்கா போகும், இது ரெண்டும் போதும்.

சிங்கப்பூர், டிசம்பர் 12. உலக சாம்பியன் டிங் லிரன், எதிர்ல நம்ம சென்னைப் பையன் குகேஷ். 13 ஆட்டம் முடிஞ்சு 6.5க்கு 6.5. இது கடைசி ஆட்டம். டிராவானா மறுநாள் ரேபிட் டைபிரேக், அதாவது யார் சாம்பியன்னு முடிவு பண்ற வேக ஆட்டம். டிங்குக்கு வெள்ளைக் காய். போர்டுல ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை, ஒரு பிஷப். சிப்பாய்ல மட்டும் குகேஷுக்கு ஒண்ணு அதிகம். கம்ப்யூட்டரைக் கேட்டா "டிரா"ங்குது.

இப்ப டிங் யானையை எஃப்2ல கொண்டு வந்து வைக்கிறார். மாத்திக்கலாம், காய் குறையும், டிரா ஆயிடும்னு கணக்கு. தப்பு எங்கன்னா, அவரோட பிஷப் ஏ8ல நிக்குது. மூலை. மூலையில நிக்கிற பிஷப்புக்கு ஒரே ஒரு குறுக்குப் பாதைதான்.

[திரையில்: ஏ8, பி7, சி6, டி5 கட்டங்கள் சிவப்பாகுது.]

குகேஷ் யானையை வெட்டுறார், டிங் ராஜாவால திருப்பி வெட்டுறார். அடுத்து குகேஷ் தன் பிஷப்பைத் தூக்கி டி5ல வைக்கிறார். பாதை அடைபட்டுச்சு! பி7க்கு நகர்ந்தாலும் அடி, சி6க்கு வந்தாலும் அடி, நின்னாலும் அடி. வேற வழியில்லாம டிங் பிஷப்பையும் மாத்துறார். மிச்சம் ராஜாவும் சிப்பாயும்தான். டிங் ராஜா இ3க்கு வர, குகேஷ் ராஜா இ5ல வந்து நேருக்கு நேர் நிக்குது. நடுவுல ஒரே கட்டம், நகர வேண்டியது டிங். நகர்ந்தா வழி விடணும். 58ஆவது மூவோட தோல்வியை ஒத்துக்கிட்டுக் கை கொடுத்துட்டார்.

நீங்க ஆடுறவங்களா இருந்தா இதைக் குறிச்சு வச்சுக்கங்க: ஒரு சிப்பாய் பின்தங்கி இருக்கிறவர் சிப்பாய்களைத்தான் மாத்தணும், காய்களை மாத்தக் கூடாது. எல்லாக் காயும் போயிட்டா அந்த ஒரு சிப்பாய்தான் கடைசி வரிசைக்குப் போய் ராணி ஆகும். டிங்குக்கு இது தெரியாதா? நல்லாவே தெரியும். 14 ஆட்டம் ஆடின களைப்பு, கையில நேரமும் கம்மி. "குகேஷுக்கு அதிர்ஷ்டம்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு. டிரா ஆகுற நிலையில மணிக்கணக்கா விடாம உக்காந்து கேள்வி கேட்டவருக்குத்தான் இந்தத் தப்பு கிடைச்சது. தப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறுச்சு பாருங்க, அந்த வீடியோவை இன்னைக்கு எத்தனை தடவை பார்த்தாலும் சலிக்காது.

வயசு 18. இதுக்கு முன்னாடி 1985ல காஸ்பரோவ் 22 வயசுல ஜெயிச்சதுதான் சாதனை. காசு விஷயம் சுவாரசியம்: மொத்தம் 25 லட்சம் டாலர். ஒவ்வொரு வெற்றிக்கும் 2 லட்சம், மீதியை சமமாப் பிரிக்கணும். குகேஷுக்கு 3 வெற்றி, டிங்குக்கு 2. ஆக 13.5 லட்சம், 11.5 லட்சம். அந்த ஒரு யானை மூவோட விலை இவ்ளோதான்! தமிழ்நாடு அரசு தனியா 5 கோடி ரூபாய் அறிவிச்சுது.

அதே டிசம்பர் 12ல கோவாவுல கீர்த்தி சுரேஷ் கல்யாணம். 22ஆம் தேதி உதய்பூர்ல பி.வி. சிந்து கல்யாணம். வாழ்த்துகள், அடுத்து.

அரசியல். டிசம்பர் 17, மக்களவையில 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதா. ஆதரவு 269, எதிர்ப்பு 198. அப்போ ஜெயிச்சாச்சான்னா, அறிமுகம் மட்டும் ஆச்சு, அதுக்கு சாதாரண பெரும்பான்மை போதும். நிறைவேத்த, வந்து ஓட்டு போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு வேணும். அன்னைக்கு ஓட்டு போட்டவங்க 467 பேர், அதுல மூணுல ரெண்டு 312. கையில இருந்தது 269. 43 குறையுது! மசோதா கூட்டுக்குழுவுக்குப் போச்சு. அடுத்த தடவை "பெரும்பான்மையோட"ன்னு தலைப்பு பார்த்தா, எந்தப் பெரும்பான்மைன்னு கேளுங்க.

தென் கொரியாக்காரங்க கணக்கு இன்னும் வேகம். டிசம்பர் 3 ராத்திரி அதிபர் யூன் ராணுவச் சட்டம் அறிவிக்கிறார். சட்டத்துல ஓட்டை இல்ல: மொத்த எம்.பி.க்கள்ல பாதிக்கு மேல நீக்கச் சொல்லிக் கேட்டா, அதிபர் அதை நீக்கியே ஆகணும். மொத்தம் 300 பேர். சபாநாயகரே வேலி ஏறிக் குதிச்சு உள்ள போனார். 190 பேர் ஓட்டு, எதிர்ப்பு பூஜ்யம். விடியறதுக்குள்ள சட்டம் வாபஸ். 14ஆம் தேதி பதவி நீக்கத் தீர்மானத்துக்கு 200 தேவை, கிடைச்சது 204.

டிசம்பர் 18, பிரிஸ்பேன் டெஸ்ட் டிரா ஆன கையோட அஸ்வின் ஓய்வு. 106 டெஸ்ட், 537 விக்கெட், 6 சதம், 11 தொடர்நாயகன் விருது. தொடர் நடுவுலயே மறுநாள் காலையில சென்னை வந்து இறங்கிட்டார். எனக்கு இதுல இன்னும் ஆறல, கமெண்ட்ல திட்டுறவங்க திட்டுங்க.

15ஆம் தேதி தபலா மேதை ஜாகிர் உசேன், 26ஆம் தேதி முன்னாள் பிரதமர் மன்மோகன் சிங். ரெண்டு பேருக்கும் அஞ்சலி.

கடைசியா நியூயார்க், உலக ரேபிட் செஸ். முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் ஜீன்ஸ் போட்டு வந்தார், 200 டாலர் அபராதம். மாத்திட்டு வாங்கன்னாங்க, நாளைக்கு மாத்தறேன்னார். 9ஆவது சுத்துல அவருக்கு எதிராளியே கொடுக்கல, கோவிச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார். உலகமே ஜீன்ஸைப் பத்திப் பேசிட்டிருந்தப்போ, 28ஆம் தேதி பெண்கள் ரேபிட் பட்டத்தை கோனேரு ஹம்பி ரெண்டாவது தடவையா தூக்கிட்டாங்க, 11 சுத்துல 8.5 புள்ளி. அவங்க என்ன டிரெஸ் போட்டிருந்தாங்கன்னு யாரும் கேக்கல.